முன்சீட்டுல ஆளு இருக்கு

பதினேழாவது வளைவை ஏறி முடித்ததும் கன்னையன் அண்ணன் ஜீப்பை ஓரங்கட்டி நிறுத்துவார். இடது பக்கம் சாய்ந்து முன்சீட்டுக் கதவைத் திறந்துவிடுவார். திறந்த கதவைப் பார்க்க மாட்டார், கண் ரோட்டில்தான் இருக்கும். வாய்க்குள் ஏழு வரைக்கும் எண்ணுவார். வெளியே மூடுபனியைத் தவிர ஒரு ஈ காக்கா இருக்காது. எண்ணி முடித்ததும் கதவின் உள்கைப்பிடியில் கட்டியிருக்கிற நீல நைலான் கயிற்றைச் சுண்டி இழுப்பார். கதவு டம்மென்று சாத்திக்கொள்ளும். ஒன்றுமே நடக்காதது மாதிரி கியரைப் போட்டுக் கிளம்பிவிடுவார்.

தினமும் இதே கூத்துதான். பின்னால் நாங்கள் பதினான்கு பேர், ஒருவர் முழங்கால் இன்னொருவர் விலாவில் இடிக்க, தூக்குவாளியை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். முன்சீட்டு அநாமத்தாகக் கிடக்கும். இரண்டு பேர் தாராளமாக உட்காரலாம்.

போடியிலிருந்து மலைமேல் ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப் போகிற ட்ரிப் ஜீப்பு அது. நான் பூப்பாறைப் பக்கம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் டீச்சர். வேலையில் சேர்ந்த முதல் நாள், டீச்சர் என்கிற மிதப்பில் நேராகப் போய் முன்கதவைத் திறந்தேன். "அதுல ஆளு இருக்கு டீச்சர். பின்னாடி ஏறிக்கங்க" என்றார். எட்டிப் பார்த்தேன். ஆளும் இல்லை, ஆள் போட்டுவிட்டுப் போன துண்டும் இல்லை. கேட்டால் மறுபடியும் அதே பதில்: "ஆளு இருக்கு."

சரி, பெண்டாட்டி செத்துப்போயிருப்பாள், அவள் ஞாபகமாக வைத்திருக்கிறார் என்று நானே ஒரு கதை கட்டிக்கொண்டேன். நாலு நாள் அதை நினைத்து உருகவும் செய்தேன். ஐந்தாம் நாள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா, "யோவ், பதவிசா ஓட்டுய்யா, கொடலு வெளிய வந்துரும் போல" என்று முன்னால் பார்த்து ஒரு சத்தம் போட்டார். அவர்தான் பெண்டாட்டி. பெயர் மகாராணி. ஏலத்தோட்டத்தில் காயெடுக்கப் போகிறவர். குளிருக்குத் தலையில் துண்டைக் கட்டி, முனை இரண்டையும் உச்சியில் முடிந்து முயல்காது மாதிரி நிற்க வைத்திருப்பார். அந்த ஜீப்பில் யாரும் அப்படிக் கட்டுவதில்லை. என் நாலு நாள் உருக்கத்தை யாரிடம் போய்த் திருப்பிக் கேட்பது?

கன்னையன் அண்ணனுக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஒல்லி. கோடையிலும் கையில்லாத ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். ஏலக்காய் மூடைகளைச் சுமந்தே வாழ்ந்தவர், ஏலக்காய் போட்ட டீயைக் கையால் தொட மாட்டார். "மருந்தடிக்கிறதப் பாத்தவன் குடிப்பானா டீச்சர்" என்பார். யாரோ ஜீப்பில் மறந்துபோன குடையை ஐந்து மாதம் சுமந்துகொண்டு திரிந்தார். மழையில் நனைவாரே ஒழிய அதை விரிக்க மாட்டார். "ஒருத்தன் நம்பி மூடையை ஏத்திவிடுறான்னு வைங்க, அவன் ஆளு வந்து எறக்குற வரைக்கும் அதுமேல கால் வைக்கக் கூடாது. இதான் நம்ம சோலி." அவருடைய முழு வேதாந்தமும் இவ்வளவுதான்.

முன்சீட்டும் அப்படி ஏற்றிவிட்ட மூடைதான் என்று பிறகு ஒருநாள் சொன்னார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் டிவித் தொடர் எடுக்க ஒரு கூட்டம் மலைக்கு வந்திருந்தது. கதாநாயகன் ஜீப் டிரைவர். ஆனால் நிஜத்தில் அவனுக்கு இந்த வளைவுகளில் ஸ்டியரிங்கைப் பிடிக்கவே கை நடுங்கியது. ஆகவே அவன் சட்டையை மாட்டிவிட்டு நம் அண்ணனை ஓட்ட வைத்தார்கள். பதினேழாவது வளைவு தாண்டி ஜீப் நிற்கும், கதவு திறக்கும், சாத்தும், ஜீப் பனிக்குள் போய் மறையும். அதுதான் காட்சி.

"கதவை வெளியிலேர்ந்து ஒருத்தர் குனிஞ்சு தொறந்துவிட்டாரு. ஏழு எண்ணி நான் கயித்த இழுத்துச் சாத்தணும். வலது கையில ஸ்டியரிங், இடது கையில கயிறு. சீட்டுப் பக்கம் திரும்பவே கூடாதுன்னு சொல்லிட்டாங்க. யாரு சார் ஏறுறதுன்னு கேட்டேன். அத அடுத்த வாரம் எடுப்போம், அதுவரைக்கும் இந்த சீட்டுல யாரையும் ஏத்தாதீங்க, கயித்த அவுக்காதீங்கன்னாரு வினோத்குமாரு. டைரக்டருக்குக் கீழ இருந்தவரு, தங்கமான மனுசன். ஏற வேண்டிய ஆளு என்னைக்கு வந்து நின்னாலும் ஏறணும்ல, அதான் தெனமும் தொறந்துவிடுறேன்."

அடுத்த வாரம் வரவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. வினோத்குமாரின் போன் நம்பர் உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் இரண்டு பாஷையில் சொன்னது.

"தொடரை நிப்பாட்டிட்டாங்கண்ணே" என்றேன்.

"டீக்கடையில சொன்னாங்க. டிவிக்காரங்க வந்து சொல்லலையே."

"ஒன்பது வருசம் ஆச்சு."

"அது இல்ல டீச்சர்." சங்கடத்துடன் பின்கழுத்தைத் தேய்த்துக்கொண்டார். "யாரு ஏறுனதுன்னே தெரியாம இன்னொருத்தர எப்படி ஏத்துறது? உக்காந்தவங்கதான் கதையில ஏறுன ஆளுன்னு ஆயிரும்ல?"

நான் பிஎட் படித்தவள். அதில் இது வரவில்லை.

போன ஆடியில் விவகாரம் முற்றியது. சாரல் மழையில் மகாராணி அக்கா தோட்டத்துச் சரிவில் வழுக்கி விழுந்து முட்டி வீங்கிப்போனது. மறுநாள் காலை ஜீப்பில் காலை மடக்க முடியவில்லை. "முன்னாடி உக்காந்துக்கிறேன்" என்று கதவில் கை வைத்தார். அண்ணன் திருதிருவென விழித்தார். "ரெண்டு நாள் பொறு மகாராணி, கேட்டுச் சொல்றேன்" என்றார்.

"யாரக் கேட்டு?"

அண்ணன் ஸ்டியரிங்கைத் துடைக்க ஆரம்பித்தார். "நான் என்ன டிவியில நடிக்கவா எடம் கேட்டேன்? காலை நீட்ட எடம் கேட்டேன்" என்று சொல்லிவிட்டு, பின்னால் இன்னொரு ட்ரிப்புக்கு நின்ற சின்ராசு ஜீப்பில் போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டார் அக்கா. ஏறும்போது ஒரு சொல் விட்டார்: "அந்த சீட்டுல ஒரு ஆளு உக்காரட்டும். அதுக்கப்பறம் ஒன் வண்டியப் பத்தி யோசிக்கிறேன்."

அன்றிலிருந்து இரண்டு மாதமாக மகாராணி அக்கா சின்ராசு ஜீப்பில்தான். சின்ராசு வேறு வேண்டுமென்றே எங்களை முந்திப் போவான். அவன் முன்சீட்டில் அந்த முயல்காது துண்டு ஆடிக்கொண்டே போவதை அண்ணன் பார்ப்பார். "சோறு போடுறா டீச்சர். பேச்சுத்தான் இல்ல. முப்பது வருசமா அவ சத்தத்தக் கேட்டுக்கிட்டே ஓட்டுனவன். இப்பப் பொடனிக்குப் பின்னாடி சும்மா இருக்கு" என்றார். எனக்கு ஒரு பக்கம் பாவமாகவும் இன்னொரு பக்கம் தலையில் நறுக்கென்று குட்டவும் தோன்றியது. சீட்டைக் கொடுத்துவிட்டால் ஆயிற்று. அதைத்தான் அந்த மனிதர் செய்ய மாட்டார்.

ஓணம் லீவில் வீட்டில் சும்மா கிடந்தபோது அந்தத் தொடரின் பெயரைப் போனில் போட்டுத் தேடினேன். 'பதினெட்டாம் வளைவு.' யாரோ புண்ணியவான் ஒளிபரப்பான ஏழு வாரத்தையும் ஏற்றிவைத்திருந்தான். உலை வைக்காமல் ஒரே மூச்சில் பார்த்தேன். நம் மலைப்பாதைக்குப் பதினேழு கொண்டை ஊசி வளைவுதானே. பனி மூடுகிற நாளில் பதினெட்டாவதாக ஒன்று முளைக்குமாம். அங்கே நின்று ஒருவர் ஜீப்பை மறிப்பார். ஒரு வாரம், கையில் குக்கர் மூடியை மட்டும் வைத்துக்கொண்டு அதன் குக்கரைத் தேடும் அம்மாள். ஒரு வாரம், நேற்றைக்குப் போக வேண்டும் என்கிற கிழவர். டிரைவர் ஏன் எதற்கு என்று கேட்காமல் ஏற்றிக்கொள்வான். பாதி நேரம் இருவரும் சட்னியைப் பற்றிப் பேசிக்கொண்டு வருவார்கள். சிரிப்பதா பயப்படுவதா என்று விளங்கவில்லை. ஆனால் எழுந்திருக்கவும் முடியவில்லை. பதிமூன்று வாரத்துக்குப் போட்ட கதையை ஏழில் வெட்டிவிட்டு, அந்த நேரத்தைச் சமையல் போட்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஒன்பது வருடம் கழித்து யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை.

ஏழாவது வாரத்தின் கடைசிக் காட்சி நம் அண்ணன் ஓட்டியது. கதவு திறக்கிறது. யாரும் ஏறுவது தெரியவில்லை. கதவு சாத்துகிறது. ஜீப் பனிக்குள் போகிறது. கேமரா பின்னாலிருந்து பார்க்கிறது. படுதா சுருட்டிய பின்வாசல் வழியாக உள்ளே டிரைவரின் தலை தெரிகிறது. அவருக்கு இடது பக்கம், முன்சீட்டில், இன்னொரு தலை. அதில் இரண்டு கொம்பு. ஒரே ஒரு நொடிதான். அவ்வளவுதான், தொடரே முடிந்துவிட்டது. கீழே கமெண்ட்டில் பார்த்தவர்கள் அடித்துக்கொண்டிருந்தார்கள். எமன் என்றான் ஒருவன். ஆடு என்றான் இன்னொருவன். மலைமாடன் என்றும் முன்ஜென்மம் என்றும் நூற்றைம்பது பேர் எழுதியிருந்தார்கள். அந்தக் கொம்பை எங்கோ பார்த்த ஞாபகம் எனக்கும் வந்தது. எங்கே என்றுதான் பிடிபடவில்லை.

லீவு முடிந்து போன முதல் நாளே போனில் எடுத்துப் போனேன். மேட்டில் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் டீக்கு நிறுத்துவார்கள், எங்கள் ஜீப்பும் சின்ராசு ஜீப்பும். பெஞ்சில் உட்காரவைத்துக் காட்டினேன். அண்ணன் இதுவரை ஒரு வாரம்கூடப் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை மதியம் வந்த தொடர், அப்போது அவர் ட்ரிப்பில் இருந்தார். வீட்டு டிவியிலும் அந்தச் சேனல் வராது. தன் ஜீப்பைக் கண்டதும் சிரித்தார். "பெயிண்டு எப்பிடிப் பளபளன்னு இருக்கு பாருங்க." கதவு சாத்தியது. கொம்பு வந்தது. சிரிப்பு நின்றது.

"மறுக்காப் போடுங்க."

போட்டேன். எட்டு தடவை போட்டேன். டீ ஆறி ஆடை கட்டிவிட்டது.

"யாரும் ஏறல டீச்சர். காலி சீட்டு. நான்தான ஓட்டுனேன்." போனைக் கையில் வாங்கிக்கொண்டார். "அப்ப இது யாரு? ஒம்பது வருசமா நான் யாருக்குக் கதவத் தொறந்துவிடுறேன்?"

நிஜமாகவே பயந்துவிட்டார். என்னமோ தப்புச் செய்துவிட்டோம் என்று எனக்கும் தோன்றியது. அவர் முகம் போன போக்கை எதிர்ப்பக்கம் டீ குடித்துக்கொண்டிருந்த மகாராணி அக்கா பார்த்திருக்க வேண்டும். முட்டியைப் பிடித்தபடி நொண்டி நொண்டி வந்தார். "என்னா? யாருக்கு என்ன ஆச்சு?" இரண்டு மாதத்தில் ஊர் கேட்கப் புருஷனிடம் பேசிய முதல் பேச்சு. அண்ணன் போனைத் தூக்கிக் காட்டினார். அக்கா குனிந்து பார்த்தார்.

"இது என் துண்டுதான" என்றார்.

நான் அக்காவின் தலையைப் பார்த்தேன். போனைப் பார்த்தேன். இரண்டு முனை, உச்சியில் முடிச்சு. தினமும் என் தோளில் இடித்துக்கொண்டு வந்த கொம்பு.

"அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்ய்யா" என்றார் அக்கா. "வேலைய விட்டு நேரமே வந்துட்டேன். நீ அங்கிட்டு சட்ட மாத்திக்கிட்டு நின்ன. வண்டிக்குள்ள பின்னாடி சாக்குல படுத்தவ அசந்துட்டேன். முழிச்சுப் பாத்தா ரெடி, ரெடின்னு ஒரே கத்து. எந்திரிச்சா ஒன் பொழப்புக் கெட்டுருமேன்னு மூச்சு விடாமக் கெடந்தேன். டம்முன்னு சத்தம். என்னமோ ஏதோன்னு முன்சீட்டுக்குப் பின்னாடி தலையத் தூக்கிப் பாத்தேன். பனிதான் தெரிஞ்சுச்சு. திரும்பப் படுத்துட்டேன்."

"ஏன் சொல்லல?"

"இதுல சொல்றதுக்கு என்னா இருக்கு? படுத்திருந்தேன், எந்திரிச்சேன். படத்துல விழுந்திருக்குன்னு நான் கண்டனா?"

அண்ணன் ஆறிப்போன டீயின் ஆடையை விரலால் ஒதுக்கினார். ஒன்பது வருடக் கணக்கு ஒன்றை மனதுக்குள் பிரித்துப் பிரித்துக் கட்டுகிறார் என்று தெரிந்தது. கடைசியில், "அப்ப கதைப்படி ஏறுனது யாரு?" என்றார். "நீ ஏறவே இல்லையே மகாராணி. மொதல்லேர்ந்தே உள்ளதான இருந்திருக்க" என்று தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார். குழப்பம் தீர்ந்த முகமாகவும் இல்லை, கூடின முகமாகவும் இல்லை.

சின்ராசு ஹாரன் அடித்தான். அக்கா அந்தப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார்.

கன்னையன் அண்ணன் எழுந்து போய் ஜீப்பில் டிரைவர் சீட்டில் ஏறினார். நாங்கள் பின்னால் ஏறினோம். வளைவு தாண்டியாகிவிட்டது, வழக்கமாக நிறுத்துகிற இடமும் அது இல்லை. ஆனாலும் இடது பக்கம் சாய்ந்து முன்கதவைத் திறந்துவிட்டார். முதல் தடவையாக ரோட்டைப் பார்க்காமல் அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். எண்ணவில்லை.

அக்கா நின்றார். சின்ராசு ஜீப்பைப் பார்த்தார், இதைப் பார்த்தார். "டிவிக்காரங்க வந்து கேட்டா?" என்றார்.

"தெரியல" என்றார் அண்ணன்.

"வந்து எறங்கச் சொல்லட்டும். அப்பப் பாத்துக்கிறேன்."

சேலையைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, வீங்கின காலை முன்னால் வைத்து ஏறி உட்கார்ந்து, முட்டியை மெல்ல நீட்டிக்கொண்டார் அக்கா. கதவை அவரே இழுத்துச் சாத்தினார். அந்தப் பக்கம் பிடித்துக்கொள்ள வேறொன்றும் இல்லை. தொங்கிக்கொண்டிருந்த நீலக் கயிற்றை எடுத்து உள்ளங்கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டார்.

"அதத் தொடா..." என்று ஆரம்பித்த கன்னையன் அண்ணன், மீதியை விழுங்கிவிட்டு முதல் கியரைப் போட்டார்.