மேலே தூக்கினால் நிற்கும்

1920களின் நடுவில், மலாயாவில் ரப்பர் விலை ஏறிக்கொண்டிருந்த நேரம். ஈப்போவிலிருந்து பத்து காஜா ஊருக்குப் போகும் பாதையில் இருந்த எங்கள் தோட்டத்து ஆலைக்குப் புது உருளை மிசின் வந்தது. உறைந்த ரப்பர் பாலைத் தகடாக நசுக்கித் தள்ளும் மிசின் அது. கூடவே ஆங்கிலத்தில் ஒரு புத்தகமும் வந்திருந்தது. ஈப்போ மிஷன் பள்ளியில் கொஞ்சம் படித்தவன் என்பதால் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி அதை என் கையில் கொடுத்து, "எல்லாருக்கும் படிச்சுச் சொல்லு" என்றார்.

படிக்க நின்ற முதல் காலையிலேயே என் உதடு கிழிந்தது.

பழைய மிசினை வருடக்கணக்கில் ஓட்டிய, நாங்கள் அண்ணன் என்று கூப்பிட்ட ஆள்தான் ஆலையில் எங்களுக்கு மூத்தவர். பழையதில் கைப்பிடியைக் கீழே அழுத்தினால் உருளை நிற்கும். புதியதில் மேலே தூக்க வேண்டும். அழுத்தினால் வேகம் கூடும். நான் அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவர் புத்தகத்தைப் பிடுங்கி, அதாலேயே என் வாயில் அறைந்தார்.

"நேத்து வந்த பய, எனக்கே மிசின் சொல்லித் தாரியா? நான் இதுலயே கெடக்குறவன்லா!"

உருளைக்குள் ரப்பர் பாளம் கொடுக்கிற அக்கா சிரித்தாள். "விடு தம்பி. பொஸ்தகத்தப் பாத்தா நாங்க சோறாக்குறோம்?"

நான் ரத்தத்தைத் துப்பிவிட்டு வேலையைப் பார்த்தேன். அண்ணன் அவசரமில்லாதபோது யோசித்துச் சரியாகவே நிறுத்தினார். அதனால் எல்லோரும் அவர் பக்கமே நின்றார்கள்.

சில நாள் கழித்து அக்காவின் விரல்கள் பாளத்தோடு உள்ளே போயின. அவள் போட்ட அலறலில் அண்ணன் பாய்ந்து, பழைய பழக்கத்தில் கைப்பிடியை அழுத்தினார். உருளை வெறிபிடித்த மாதிரி சுற்றியது. அவள் கை மணிக்கட்டு வரை போய்விட்டது.

"மேல தூக்குங்கண்ணே! மேல!"

அவர் காதில் எதுவும் விழவில்லை. உடம்பின் முழுப் பாரத்தையும் போட்டு இன்னும் அழுத்தினார். பக்கத்தில் கிடந்த, நட்டு முடுக்கும் இரும்புச் சாவியை எடுத்து அவர் தோளில் ஓங்கி அடித்தேன். எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அவர் சரிந்ததும் கைப்பிடியைத் தூக்கினேன். உருளை நின்றது. வெள்ளைத் தகடு சிவப்பாக வெளியே தொங்கிக்கொண்டிருந்தது.

பெரியவரை அடித்தேன் என்று கூலிகளை மேய்க்கும் கங்காணி என்னைத் தூணோடு சேர்த்துப் பிடித்துப் பிரம்பால் விளாசினார். காரணத்தை அவர் கேட்கவேயில்லை. அக்காவைப் பத்து காஜா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். வலது கையில் நான்கு விரல்களையும் எடுத்துவிட்டார்கள்.

திரும்பி வந்தவள், ஆலை வாசலில் தோளில் கட்டோடு உட்கார்ந்திருந்த அண்ணனிடம் நேராகப் போனாள். அவர் எழுந்தார். இடது கையால் அவர் கன்னத்தில் அறைந்தாள்; மறுபடியும் அறைந்தாள். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. அவர் துடைக்கக்கூட இல்லை.

"அவன் கத்துனது எனக்கே கேட்டுச்சு. ஒனக்குக் கேக்கலியா?" என்றாள்.

அந்த வாரமே அவர் ஏதோ ஈயச் சுரங்கத்துக்குப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

அவர் இடத்துக்கு வேறொரு ஆள் வந்தான், என் வயதுதான். நான் புத்தகத்தைத் திறந்ததும், "அதெல்லாம் வேணாம் மச்சான், பாத்தாலே புரியும்" என்று கைப்பிடியில் கையை வைத்தான். சட்டையைப் பிடித்து அவனைச் சுவரோடு மோதினேன். ஒரு கை அவன் கழுத்தில், மறு கையில் புத்தகம். அவன் திமிறத் திமிற, அந்தப் பக்கத்தை முழுதாகப் படித்து முடித்தேன்.