வரவேற்பு மேசையிலிருந்து பேசுகிறேன்

கோயிலில் யாராவது என் வேலையைப் பற்றிக் கேட்டால் என் கணவர் முந்திக்கொண்டு, "அமெரிக்கா ஆஸ்பத்திரியில வேலை செய்யுது" என்பார். முன்பெல்லாம் நானும் பெருமையாகச் சிரித்து வைப்பேன். இப்போது அவர் தொடங்கினாலே செருப்பைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொள்கிறேன். ஆஸ்பத்திரி என்னவோ அமெரிக்காவில்தான் இருக்கிறது. நான் இருப்பது பர்மாவில், தாமுவே என்கிற பேட்டையில், மூன்றாம் மாடியில், அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்ட மடக்கு மேசையில்.

அங்கே ஒரு கம்பெனி, சின்னச் சின்ன ஊர்களில் இருக்கும் கிளினிக்குகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டே போகிறது. வாசலில் பழைய டாக்டரின் பெயர்ப்பலகையை மட்டும் கழற்றுவதில்லை. முன்மேசையில் போன் எடுத்துக்கொண்டிருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அந்தப் போன்களை எல்லாம் எங்களைப் போன்றவர்களிடம் திருப்பிவிட்டது. எந்தக் கிளினிக்குக்கு அழைப்பு வருகிறதோ அதன் பெயர் திரையில் தெரியும். அதைச் சொல்லி, "வரவேற்பு மேசையிலிருந்து பேசுகிறேன்" என்று ஆரம்பிக்க வேண்டும். எங்கே இருக்கிறோம் என்று சொல்லக் கூடாது. ஒரு கிளினிக்கை மூடிவிட்டால்கூட அந்த வார்த்தை வாயில் வரக் கூடாது. பக்கத்து ஊரோடு சேர்ந்துவிட்டது என்று பூசி மெழுக வேண்டும். நான் அதில் கெட்டிக்காரி.

போன மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம். அங்கே அது காலை, கிளினிக் திறக்கும் நேரம். ஒரு பெரியவர் கூப்பிட்டார். அவர் பேசியது ஆங்கிலம். என் காதில் இப்படித்தான் விழுந்தது.

"கதவு பூட்டியிருக்கும்மா. உள்ள விளக்கு எரியுது. என் சம்சாரம் கார்ல இருக்கா, மூச்சு வாங்குது. கொஞ்சம் திறந்துவிடேன்."

அந்தக் கிளினிக்கை முந்தின வாரமே மூடிவிட்டார்கள். விளக்கை அணைக்கக்கூட ஆள் இல்லை போலிருக்கிறது.

பெரியவர்கள் ஒன்று கேட்டால் நேருக்கு நேராக இல்லை என்று சொல்ல நாக்கு எழாது. பர்மிய மொழியில் அதற்கு ஆனாதே என்பார்கள். நாங்கள் தமிழர்கள்தான். ஆனாலும் தலைமுறை தலைமுறையாக இந்த ஊர்த் தண்ணீரைக் குடித்து அது எங்கள் ரத்தத்திலும் ஊறிவிட்டது. எங்கள் தெருக் கடைக்காரர் சாமான் இல்லாவிட்டால் "பார்க்கலாம், வரும்" என்றுதான் சொல்வார். கேட்டவரும் புரிந்துகொண்டு வேறு கடைக்குப் போய்விடுவார். அந்தப் பழக்கத்தில், கம்பெனி எழுதிக் கொடுத்த வரி என் வாயிலிருந்து தேனாக வந்தது.

"இப்போது ஒருவர் வந்து உதவுவார், ஐயா."

எங்கள் ஊரில் யாராக இருந்தாலும் இதைக் கேட்டுப் புறப்பட்டிருப்பார்கள். அவர் நன்றி சொன்னார். போனை வைக்காமல் காருக்கு நடந்துபோய், "திறக்க வர்றாங்களாம்" என்று மனைவியிடம் சொன்னார். அந்த அம்மாள் இழுத்து இழுத்து மூச்சு விடுவது எனக்குக் கேட்டது.

சூப்பர்வைசருக்குச் செய்தி அனுப்பினேன். பக்கத்து ஊர்க் கிளினிக்கில் வேறொரு நாள் நேரம் கொடுக்கச் சொல்லிப் பதில் வந்தது. என் பக்கத்துச் சத்தத்தை நிறுத்திவிட்டுக் கணவரிடம் விஷயத்தைச் சொன்னேன்.

"அந்தம்மா மூச்சுக்குத் தவிக்குது. இதுல என்ன ஆனாதே ஒனக்கு? உள்ளதச் சொல்லிப்புடு" என்றார்.

சொன்னேன். "ஐயா, உள்ளே யாரும் இல்லை. கிளினிக்கை மூடிவிட்டார்கள். நான் பர்மாவிலிருந்து பேசுகிறேன். நிற்காதீர்கள், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள்."

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருக்கலாம்.

"பர்மாவா? அவ்வளவு தூரத்துல இருக்கிற பிள்ளையத் தொந்தரவு பண்ணிட்டேனே" என்றார். காரைக் கிளப்பும் சத்தம் கேட்டது. அவ்வளவு நேரம் அவரை நிறுத்தி வைத்தவள் நான். மன்னிப்புக் கேட்டது அவர். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

எங்கள் பேச்சையெல்லாம் பதிவு செய்கிறார்கள். மறுநாளே எச்சரிக்கை வந்தது. இன்னொரு முறை இப்படி நடந்தால் வேலை கிடையாது. மின்சாரம் வருவதும் போவதுமாக இருந்ததில் கணவரின் அச்சுக்கடை எப்போதோ படுத்துவிட்டது. என் சம்பளத்தில்தான் வீடு ஓடுகிறது. அதன்பிறகு சூப்பர்வைசர் என் அழைப்புகளில் கூடவே இருந்து கேட்க ஆரம்பித்தார்.

அப்படிக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு நாளில், பக்கத்து ஊர்க் கிளினிக்கின் பெயரில் அழைப்பு வந்தது. அதே பெரியவர்.

"பர்மாப் பொண்ணுதானே? குரல் தெரியுதும்மா. அவ பிழைச்சுட்டா. இன்னும் கொஞ்சம் தாமதமாயிருந்தா கஷ்டம்னு டாக்டர் சொன்னார். ஒன்கிட்ட சொல்லணும்னுதான் திரும்பத் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்தேன். யார் யாரோ எடுத்தாங்க."

திரையின் மூலையில் சூப்பர்வைசரின் பச்சைப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. எதிரே கணவர் தேநீர்க் கோப்பையோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மன்னிக்கணும், ஐயா. நீங்கள் வேறு யாரையோ நினைத்துப் பேசுகிறீர்கள்" என்றேன். "நான் இங்கேதான், வரவேற்பு மேசையிலிருந்து பேசுகிறேன்."



"அப்படியா. சரிம்மா. என்னைக்காவது அந்தப் பொண்ணோட பேசினா, சொல்லிடு."

சொல்கிறேன் என்றேன்.