அக்காவை எதில் அனுப்புவது?

அக்காவின் பை எங்கள் வீட்டுக் கதவோரம் பல வாரமாகக் கிடந்தது. உள்ளே பழைய பருத்தித் துணிகள். ஒரு பெரிய ஓட்டலின் கீழ்த்தளத்தில் விரிப்புகளுக்கு இஸ்திரி போடுவதுதான் அக்காவுக்கு வேலை. கழித்துப்போட்டவற்றைக் கேட்டு வாங்கிவந்து, பிறக்கப்போகும் பேரப்பிள்ளைக்காகச் சதுரம் சதுரமாக வெட்டி, ஓரம் மடித்துத் தைத்து வைத்திருந்தாள். அந்தப் பையின் மேல்தான் என் அண்ணன் டீ கிளாஸை வைப்பான். நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அக்காவின் ஒரே மகள் பக்கத்து நாட்டில் நிறைமாதமாக இருந்தாள். மருமகன் நடுக்கடலில் எண்ணெய்க் கிணற்று வேலையில் மாட்டிக்கொண்டிருந்தான், லீவு கிடைக்கவில்லை. "அம்மா, நீ வந்துரு. எனக்கு வேற யாரும் வேணாம்" என்று அவள் சொல்லிவிட்டாள். நாங்கள் இருக்கும் ஐரோப்பாவில் இதெல்லாம் ஒரு தூரமா? நடுவில் ஒரு கடல், அவ்வளவுதான். ரயிலில் சுற்றிக்கொண்டு போகலாம், கப்பலில் குறுக்கே போகலாம், விமானத்தில் பறந்து போகலாம். எதில் போனாலும் போய்ச் சேர்ந்துவிடலாம்.

ஆனால் எங்கள் வீட்டில் ஒரு சட்டம் உண்டு. பெண்பிள்ளை தனியாக எல்லை தாண்டக்கூடாது, துணைக்கு ஓர் ஆண் போக வேண்டும். அக்கா தினமும் விடிவதற்கு முன்னால் ஆளில்லாத தெருவில் தனியாகத்தான் வேலைக்குப் போகிறாள். அதற்குத் துணை கிடையாது. மகளைப் பார்க்கப் போகும்போது மட்டும் துணை வேண்டுமாம்! யார் சொல்கிற வண்டி ஜெயிக்கிறதோ, அவர்தான் துணையாகக் கூட்டிக்கொண்டு போவார். ஆக, சண்டை வண்டிக்காக இல்லை, கௌரவத்துக்காக.

அத்தான் பஸ் ஓட்டுகிறவர். ரயில் என்று பிடித்த பிடியில் நின்றார். அண்ணனுக்கு விமான நிலையத்தில் பெட்டி ஏற்றி இறக்கும் வேலை. அதனாலேயே ஆகாயம் முழுவதும் தன் பேரில் பட்டா போட்டதுபோல் பேசுவான். நாங்கள் அவனுக்கு 'பைலட்' என்றே பட்டப்பெயர் வைத்திருந்தோம்.

"மாப்பிள்ளை, ரயில்ல போனா பேரன் நடக்க ஆரம்பிச்சிருவான்" என்றான் அண்ணன்.

"ஃப்ளைட்ல காது அடைக்கும் மச்சான். அவளுக்கு ஒத்துக்காது."

அடுத்த ஞாயிறு அத்தான் காதை விட்டுவிட்டு, சாப்பாடு சரியிருக்காது என்றார். அதற்கடுத்து, "பெட்டியெல்லாம் தொலைச்சிருவானுங்க" என்று சொல்லித் தொலைத்தார். அண்ணன் முறுக்கிக்கொண்டான். "யாரு தொலைக்கிறா? நானா? என் வேலையைப் பத்திப் பேசுறீங்களா?" பிறகு எங்கே அடங்குவது? இரண்டு பேரும் கரடியாகக் கத்தினார்கள்.

"கப்பல்ல போகட்டுமே. சாயங்காலம் ஏறினா காலையில இறங்கிடலாம்" என்றேன் நான்.

"நீ சும்மா இரு" என்றார்கள் இருவரும். அந்த ஒரு விஷயத்தில் என்ன ஒற்றுமை!

அக்கா டீத் தட்டுடன் நின்றுகொண்டிருந்தாள். உனக்கு எதில் போக ஆசை என்று ஒருவராவது அவளைக் கேட்க வேண்டுமே! அடுப்படிக்குப் போய், "வாயைத் திறந்து சொல்லேன், இடிச்ச புளி மாதிரி நிக்கிறியே" என்று நான் கடிந்துகொண்டேன்.

"ரெண்டு பேர்ல யார் பக்கம் பேசினாலும் இன்னொருத்தர் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்குவாங்கடி. நாள் இருக்கே, இவங்களே ஒரு முடிவுக்கு வந்துருவாங்க" என்றாள்.

நாள் இருக்கவில்லை. அண்ணன் பையின் மேல் கிளாஸை வைத்துவிட்டு மறுபடி ஆரம்பித்த ஒரு மத்தியானம், அக்காவின் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, பொறந்துருச்சும்மா. பொண்ணு. முன்னாடியே வந்துட்டா."

அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாள். "கூட யாருடி இருந்தா?"

"யாருமில்லம்மா. வலி தாங்கல. நர்ஸ் கையைத்தான் புடிச்சுக்கிட்டேன். அவங்களுக்கு நகம் பட்டு ரத்தமே வந்துருச்சு." "பரவால்லம்மா. இனிமே நீ மெதுவாவே வா."

போன் வைத்ததும் அண்ணன் சிரித்த முகத்தோடு, "அப்பாடா, நல்ல சேதி! இனிமே அவசரமில்ல. எதுல போறதுன்னு நிதானமா யோசிக்கலாம்" என்றான். அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளலாமா என்றிருந்தது எனக்கு.

"கிளாஸை எடுங்கண்ணா" என்றாள் அக்கா. அவன் புரியாமல் பார்த்தான். அவளே எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் பையைத் தோளில் மாட்டினாள்.

அத்தான் எழுந்து வந்து வழியில் நின்றார். "எனக்கு ஃப்ளைட்டுன்னா பயம்டி. கப்பல்னாலும் பயம்தான். தரையில கால் இல்லேன்னா நெஞ்சை அடைக்குது. அதான் ரயில், ரயில்னு..."

அக்கா அவர் முகத்தைப் பார்த்தாள். அவள் குரலை உயர்த்தவே இல்லை. "இதை அன்னிக்கே சொல்றதுக்கு என்னங்க? பயந்தவரை வீட்ல விட்டுட்டு நான் போயிருப்பேன்ல. எம்பொண்ணு எங்கையைப் புடிச்சிருப்பாளே."

அத்தான் விலகி வழிவிட்டார். நான்தான் அவளை விமான நிலையத்துக்குக் கூட்டிப்போனேன். அடுத்த விமானத்திலேயே இடம் கிடைத்தது. திரும்பிப் பார்க்காமல் தனியாக உள்ளே போனாள்.

விமானம் கிளம்பும் நேரம்வரை அங்கேயே இருந்துவிட்டு, நான் பஸ் மாறி, கூட்டத்தில் இடிபட்டு, வீட்டுப் படியேறும்போது போன் வந்தது. இவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறாளே, விமானம் கிளம்பவில்லையோ என்று பதறிப்போனேன்.

"வந்து சேர்ந்துட்டேன்டி" என்றாள் அக்கா. "உக்காந்து ஒரு டீ குடிச்சேன், இறங்கச் சொல்லிட்டாங்க. இவ்வளவுதானாடி? இதுக்குத்தானா இத்தனை நாள் சண்டை?" அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

உள்ளே போனால் அண்ணனும் அத்தானும் அதே நாற்காலிகளில் இருந்தார்கள். "போய்ச் சேந்துட்டாளா? பயணம் வசதியா இருந்துச்சாமா?" என்று அண்ணன் கேட்டான்.

"இவ்வளவுதானா? இதுக்குத்தானா இத்தனை நாள் சண்டை?" என்று அவள் கேட்டதை அப்படியே இருவர் முகத்துக்கு நேராகத் திருப்பிக் கேட்டேன்.