முதல் டிகாஷன் யாருக்கு?

நார்வேயில் டாக்டரையும் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். என் ரத்தப் பரிசோதனை அறிக்கையைப் பார்த்த இங்ரித், நெய்யைப் பற்றியோ முட்டையைப் பற்றியோ கேட்கவில்லை. "வீட்டில் காபி எப்படிப் போடுவீர்கள்?" என்றார். எங்கள் சங்கரன்கோவிலில் யாராவது அப்படிக் கேட்டால் ஒரு வாய் காபிக்கு அடி போடுகிறார் என்று அர்த்தம். பெர்கனுக்கு வந்து ஆறு வருடத்தில் என் காபியைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் இவர்தான். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. "ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வாருங்கள், நானே போட்டுத் தருகிறேன்" என்றேன். அவர் திருதிருவென விழித்தார்.

நான் விடவில்லை. பித்தளை ஃபில்டர், கெட்டி டிகாஷன், நாளுக்கு நான்கு தம்ளர் என்று வர்ணித்துக்கொண்டே போனேன். சொல்லச் சொல்ல அவர் முகம் வாடியது. காபியில் ஒரு எண்ணெய்ப்பசை இருக்கிறது, அது கொலஸ்ட்ராலை ஏற்றும், உலோகத் துளைகள் அதைக் கீழே விட்டுவிடும், காபி வடிக்கும் காகிதம் பிடித்துக்கொள்ளும் என்று விளக்கினார். தூளைத் தண்ணீரோடு கொதிக்கவிடும் கோக்கெகாஃபேதான் இங்கும் பலருக்கு வழக்கமாம். அவருடைய அப்பா அதை விட மாட்டேன் என்று அடம்பிடித்துவிட்டுப் பிறகு காகிதத்துக்கு மாறினாராம். "மூன்று மாதம் காகிதத்தில் வடித்துக் குடியுங்கள். இறங்காவிட்டால் மாத்திரை." நாற்பத்திரண்டு வயதில் தினமும் மாத்திரையா? போகிற வழியிலேயே ஒரு கட்டுக் காகிதம் வாங்கிக்கொண்டேன்.

இரண்டாம் மாதம் விடுமுறையில் ஊருக்கு வந்து கிரேஸ் அக்கா வீட்டில் தங்கினேன். அவள் அடுக்களையில் ஒரு சட்டம் உண்டு. முதல் டிகாஷன் விருந்தாளிக்கு, மறுபடி வெந்நீர் ஊற்றி இறக்கும் இரண்டாவது வீட்டாளுக்கு. முதல் நாள் காலையில் அவள் எனக்கென்று எடுத்து வைத்த கெட்டி டிகாஷனை, டீ வடிகட்டியில் காகிதத்தை விரித்து நான் வடிக்கத் தொடங்கினேன்.

"என்னலே, என் டிகாஷன்ல எறும்பா கெடக்கு? காயிதம் போட்டு வடிக்கே."

மத்தியானம் தட்டை ணங்கென்று என் முன்னால் வைத்தாள். அவள் சோறு போடும்போது மாத்திரை விஷயத்தைச் சொன்னேன்.

"மொதல்லயே சொல்லப்பிடாதா? அப்போ வீட்டுக்கு வாரவுகளுக்கெல்லாம் மொத டிகாஷனக் கொடுத்து நான்தான் கெடுத்திருக்கேனா? கரிவலம்வந்தநல்லூர் சம்பந்திக்குக் கொலஸ்ட்ரால்னு போன மாசந்தாம்ல சொன்னாவ."

அக்காவின் மகளை அந்த வீட்டில்தான் கொடுத்திருக்கிறது. மறுநாள் சம்பந்தி மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். அக்கா பயபக்தியோடு காகிதத்தில் வடித்த காபியை நீட்டினாள். ஒரு வாய் குடித்தவர் தம்ளரைக் கீழே வைத்தார்.

"மதினி, எனக்கு ரெண்டாவது டிகாஷனா?"

சம்பந்திக்கு இரண்டாவது டிகாஷன் கொடுத்த வீடு என்று பெயர் வந்தால் என்ன ஆவது? அக்கா என்னைப் பார்த்துக் கண்ணை உருட்டினாள். நான் ஓடிப்போய்க் காகிதக் கட்டைக் காட்டி, நார்வே டாக்டர் சொன்ன எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஒப்பித்தேன். அவர் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "சீமைக் காயிதமா? அப்பஞ் சரி" என்று மீதியைக் குடித்தார். போகும்போது பத்துக் காகிதத்தைச் சட்டைப்பைக்குள் மடித்து வைத்துக்கொண்டார். அவர் தெரு திரும்பும் வரை அடக்கி வைத்திருந்த சிரிப்பை அதற்குப் பிறகு எங்களால் நிறுத்தவே முடியவில்லை.

மூன்றாம் மாதம் எண் இறங்கியிருந்தது. காகிதம் மட்டுமா, நான் தொடங்கிய மாலை நடையும் சேர்ந்தா என்று இங்ரித் உறுதியாகச் சொல்லவில்லை. மாத்திரை வேண்டாம் என்றார், எனக்கு அது போதும். வாரத்துக்கு ஒரு தம்ளர் பழைய முறையில் குடிக்கலாம் என்று கொசுறும் கொடுத்தார். தெருவில் குதிக்காத குறையாக வீடு வந்தேன்.

அந்த ஒரு தம்ளரை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருக்கிறேன். அக்கா வீடியோவில் வருகிற நேரம் அது. சங்கரன்கோவிலில் அவள் காகிதத்தில் வடித்துக்கொண்டிருப்பாள். பெர்கனில் நான் பித்தளை ஃபில்டரைத் திறப்பேன். போன வாரம் நான் ஊற்றுவதை உற்றுப் பார்த்தாள்.

"ஏலே, அது மொத டிகாஷன்லா? ஒன் வீட்டுல நீயே குடிக்கே. நீ அங்கன வீட்டாளா, விருந்தாளியா?"

"தெரியலக்கா" என்றேன். ஆறுவதற்குள் குடித்து முடித்தேன்.