சைரனுக்கும் தரைக்கும் நடுவே

படபடபடவென்று ஒரு சரவெடி. பிறகு கந்தக வாசனை.

சீனப் பெருநாள் விடுமுறை முடிந்து, எங்கள் எதிர் வரிசை இரும்புக் கடைக்காரர் போன வாரம் கடை திறந்தார். சிங்க நடனம், மேளம், வெடி... பினாங்கு சூலியா தெருவில் சிவப்புக் காகிதம் பூப்பூவாய்ச் சிதறிக் கிடந்தது. அந்தப் புகை மூக்கில் ஏறியதும் எனக்குப் பத்து வயசு. வெடிக்காத பட்டாசைப் பொறுக்கப் பறக்கிற வயசு.

சிரித்தபடி நிமிர்ந்தேன். எதிர் நாற்காலியில் சலீம் அண்ணனைக் காணோம்!

மேசைக்கு அடியில் இருந்தார். இரண்டு கையும் தலைமேல்.

சலீம் அண்ணன் கிரேன் ஓட்டுபவர். இங்கே பினாங்கு துறைமுகத்தில் தொழில் பழகியவர். ஆறு வருஷமாக வளைகுடாப் பக்கம் ஒரு துறைமுகத்தில் கன்டெய்னர் இறக்குகிறார். ஊர்ப் பெயர் வேண்டாமே — அடிக்கடி செய்தியில் வருகிற ஊர்தான். ஒரு மாத லீவில் வந்திருந்தார். வியாழக்கிழமை திரும்ப வேண்டும்.

நாங்கள் உட்கார்ந்திருந்தது அவர் மனைவி நூருன்னிசா அக்காவின் சாப்பாட்டுக் கடை. அக்கா தே தாரிக் டீயைத் தூக்கித் தூக்கி ஆற்றிக்கொண்டிருந்தார். மேசைக்கு அடியில் கிடந்த கணவரைப் பார்த்தார். ஆற்றுகிற கை நிற்கவில்லை. முகம்தான் நின்றுவிட்டது.

"போன் விழுந்துருச்சு லா," என்று எழுந்தார் அண்ணன்.

போன் மேசைமேல் இருந்தது.

"அங்க ஒண்ணுமே இல்லன்னு தெனமும் போன்ல சொன்னீங்களே?"

"இல்லதான் நூரு. வர்றதை எல்லாம் மேலயே புடிச்சிருவாங்க. இங்க பாரு..."

தட்டிலிருந்த ரொட்டித் துண்டு ராக்கெட் ஆனது. எலுமிச்சைத் துண்டு, அதை அடிக்கப் போகும் ஏவுகணை.

"இது கிளம்புன சில செகண்ட்லயே ரேடார் பாத்துரும். என்ன வேகம், என்ன வளைவு, எங்க வந்து விழும்... கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுரும். கடல்ல, பொட்டல்ல விழுறதா இருந்தா விட்டுரும். வீடு, துறைமுகம்னாதான் நம்மாளு கிளம்புவாரு." எலுமிச்சை எழும்பியது. "வழியில திரும்பித் திரும்பித் துரத்துவாரு. நேரா மோதணும்னுகூட இல்ல. கிட்டப் போய் வெடிச்சாப் போதும், சிதறுற துண்டே ராக்கெட்டைக் கிழிச்சிரும்."

"கிழிஞ்சது எங்க விழும்?"

"அது... கீழதான்."

"எல்லாத்தையும் அடிச்சிருமா?"

"மொத்தமா வந்தா ஒண்ணு ரெண்டு தப்பும். அதுக்குத்தான் சைரன். எல்லை கிட்டக்க இருக்கு, அதனால ஒரு நிமிஷம்தான் கெடைக்கும். அதுக்குள்ள ஷெல்டருக்குப் போயிரணும். கன்டெய்னர் அடுக்குற யார்டுலயே கான்கிரீட்ல கட்டி வெச்சிருக்காங்க. ரொம்ப சேஃப்!"

அக்காவின் முகம் கொஞ்சம் இளகியது. அங்கேயே விட்டிருக்கலாம். ஆனால் எனக்கு வாய் சும்மா இருக்குமா? பேச்சை மாற்றுகிறேன் பேர்வழி என்று கேட்டேன்: "உங்க கிரேன் எவ்வளவு உயரம்ணே?"

கிரேன் ஓட்டுகிறவரிடம் உயரத்தைக் கேட்கக் கூடாது. பிள்ளை பெற்றவளிடம் பிள்ளையைப் பற்றிக் கேட்ட மாதிரி ஆகிவிடும்.

"பதினஞ்சு மாடி இருக்கும் தம்பி! கண்ணாடிக் கேபின். காலுக்கடியிலயும் கண்ணாடி. கப்பல் பொம்மை மாதிரி தெரியும். நெனச்சா ஏறி, நெனச்சா இறங்குற எடமா அது? கொக்கியைப் பத்திரமா நிறுத்தி, மேல இருக்குற பாலத்துல நடந்து, லிஃப்ட்டைக் கூப்பிட்டு, அது ஆடி அசைஞ்சு வந்து... தரையில கால் வைக்க நாலு நிமிஷம் ஆயிரும் லா!"

தே தாரிக் ஆற்றும் சத்தம் நின்றது.

"சைரனுக்கு ஒரு நிமிஷம்னீங்க."

அண்ணன் எலுமிச்சையைத் தட்டில் வைத்தார்.

"இறங்க நாலு நிமிஷம். அப்ப சைரன் அடிச்சா நீங்க எங்க இருப்பீங்க?"

"...மேலதான்."

"மேல என்ன பண்ணுவீங்க?"

"லைட்டை அணைச்சுட்டு உக்காந்திருப்பேன்."

எவ்வளவு பெரிய விஞ்ஞானம்! வானத்தில் பறக்கும் இரும்பு எங்கே விழும் என்று கண் சிமிட்டும் நேரத்தில் சொல்லிவிடுகிறது. ஆனால் நாலிலிருந்து ஒன்றைக் கழித்துப் பார்க்க, சூலியா தெருவில் டீ ஆற்றும் ஒருத்தி வேண்டியிருக்கிறது. மிச்சம் மூன்று நிமிஷம். அந்த மூன்று நிமிஷத்தில் ஒரு மனிதன், கண்ணாடிக் கூண்டில், வானத்துக்கும் தரைக்கும் சொந்தமில்லாமல்...

தூரத்தில் இருப்பவர்கள் போனில் சொல்லும் "இங்க ஒண்ணுமில்ல"வும் அந்த எலுமிச்சைத் துண்டு மாதிரிதான். நம் பயத்தை நடுவானிலேயே உடைத்துவிடும். உடைந்த துண்டுகள் எங்கேயாவது விழத்தானே வேண்டும்?

போகாதீர்கள் என்று அக்கா சொல்லவில்லை. ஒப்பந்தம் முடிய இன்னும் எட்டு மாதம். இடையில் விட்டால் என்னென்ன போகும் என்பது அவருக்கும் தெரியும். ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "கீழ யார்டுல கன்டெய்னர் நம்பர் எழுதுற வேலை இருக்குல்ல? ஷெல்டர் பக்கத்துல. அதைக் கேளுங்க."

அண்ணனுக்குச் சுருக்கென்றது. "அது நேத்து வந்த பசங்க பாக்குற வேலை. இருபது வருஷம் கிரேன்ல இருந்தவன் நோட்டும் பேனாவுமா வெயில்ல நிக்கணுமா?"

அடுத்த மூன்று நாளும் அந்த வீட்டில் வேளாவேளைக்குச் சோறு வந்ததாம். பேச்சு வரவில்லையாம்.

வியாழக்கிழமை என் காரில்தான் ஏர்போர்ட் போனோம். முன்சீட்டில் அண்ணன். பின்சீட்டில் அக்கா. நடுவில் ரேடியோ மட்டும் பேசிக்கொண்டு வந்தது. ஜன்னலுக்கு வெளியே கடல், எதுவும் தெரியாத பிள்ளை மாதிரி மினுங்கியது.

உள்ளே போகும் வாசலில் அண்ணன் பெட்டியை நிறுத்தினார். பாஸ்போர்ட்டைப் புரட்டினார். மறுபடி புரட்டினார். அக்காவைப் பார்க்காமலே சொன்னார்:

"சூப்பர்வைசருக்கு நேத்தே மெசேஜ் போட்டுட்டேன். யார்டுல எடம் இருக்காம். திங்கக்கிழமையிலேருந்து நம்பர் எழுதுற வேலை." பாஸ்போர்ட்டை மூடினார். "பசங்க சிரிப்பானுங்க, நூரு."

அக்கா கை நீட்டி, அவர் சட்டைக் காலரைச் சரிசெய்தார்.

"சிரிக்கட்டும் லா... முத்து முத்தான உங்க கையெழுத்தைப் பாத்துட்டு வாயை மூடிக்குவானுங்க."