மினுங்குவது எதுவும் வேண்டாம்

போர் முடிந்த மறுவருடம், படை அதிகாரிகளுக்கான முதுகலை வகுப்பில் லேசர் பாடம் என் தலையில் விழுந்தது. ஒளிக்கற்றையை ஆயுதமாக்கும் நுட்பம் படிக்க வந்தவர்கள் அவர்கள். மற்ற விரிவுரையாளர்கள் ஆளுக்கொரு சாக்குச் சொல்லி நழுவிவிட்டார்கள்.

என் முதல் விதி: லேசரைப் போடுமுன் மோதிரம், கைக்கடிகாரம், மினுங்கும் எதுவானாலும் கழற்றித் தட்டில் போட வேண்டும். அதில் பட்டுத் திரும்பும் ஒளி கண்ணைக் கெடுத்துவிடும். சோதனைச் சாவடிகளில் என் கைப்பையைக் கிளறிய கூட்டத்தை இப்போது நான் சோதித்தேன். அதில் எனக்கு அற்ப சந்தோஷம்தான்.

என் தாலிக்கொடியை மட்டும் சட்டைக்குள் செருகிக்கொள்வேன். சுனாமியன்று காலை களுதாவளைக் கடற்கரைக்கு மீன் வாங்கப் போன கணவர் திரும்பவில்லை. உடலும் கிடைக்கவில்லை. உடலைக் காணாமல் தாலி கழற்றமாட்டேன் என்று ஊரோடு சண்டை பிடித்தவள் நான். அவருடைய அம்மா மட்டும் என் பக்கம் நின்றார்.

ஒருநாள் ஒளியைத் திருப்பும் ஆடியொன்றைச் சரிசெய்யக் குனிந்தபோது கொடி வெளியே விழுந்தது. பச்சைப் புள்ளியொன்று சுவரில் ஓடி, அதிகாரிகளின் முகங்களைக் கடந்துபோனது. பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்ததால் தப்பினார்கள். லேசரை நிறுத்தினேன்.

முன்வரிசை மேஜர் எழுந்து தட்டை நீட்டினார்.

"மேடம், எங்களுக்குச் சொன்னது உங்களுக்கும்தானே?"

கேலி செய்யவில்லை. அவர் சொன்னது சரி, அதுதான் எனக்குக் கோபம். கழற்றிப் போட்டேன்.

பாடம் முடிந்ததும் அவரவர் மோதிரத்தை மாட்டிக்கொண்டு போனார்கள். என்னால் கொடியைத் திரும்பப் போட முடியவில்லை. கைப்பையில் வைத்துக்கொண்டு செங்கலடியில் பஸ் ஏறினேன். கை அடிக்கடி கழுத்துக்குப் போய்த் திரும்பியது. இத்தனை வருடத்தில் அன்றுதான் நான் தனியாள் என்று உறைத்தது.

மாமி வாசலிலேயே என் கழுத்தைப் பார்த்துவிட்டார்.

"என்ட மகன எங்க புள்ள கண்டெடுத்த?"

"ஒருத்தரும் காணல்ல மாமி. வகுப்புக்காகக் கழட்டின."

அவர் என் கைப்பையைத் திறந்து கொடியை எடுத்தார்.

"அப்ப போடு."

அவரே போட்டுவிட்டார். கொளுக்கியை மாட்ட வெகுநேரம் பிடித்தது.

அடுத்த வாரத்திலிருந்து விதியைச் சொல்லி, எல்லாவற்றையும் சரிபார்த்து, லேசரைப் போடும் வேலையை மேஜரிடம் விட்டேன். அவர்கள் உள்ளே ஒளியைப் பாய்ச்சி முடிக்கும்வரை, மூடிய கதவுக்கு வெளியே கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.