அடியில் இருந்த வெளிநாட்டுப் பெயர்

செவிலிமேட்டில் இருக்கும் என் செருப்புப் பட்டறைக்கு வந்த முதல் வெளிநாட்டு ஆர்டர் அது. அந்த நாட்டோடு தடையற்ற வர்த்தக ஒப்பந்தம் இருப்பதால் அங்கே சுங்க வரி கிடையாது. ஆனால் வார் முதல் சோல் வரை எல்லாம் இந்தியாவில் செய்தவை என்று நான் கையெழுத்துப் போட வேண்டும். பொய்யென்று தெரிந்தால் ஆர்டர் கைவிட்டுப் போகும். என்னை நம்பித் தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் எட்டுப் பெண்களின் வேலையும் போகும்.

எனக்கு யாரையும் லேசில் நம்பிப் பழக்கமில்லை. சோல் கொண்டுவரும் வாலாஜாபாத்காரரிடம், "இது எங்க செஞ்சது?" என்று கேட்டேன்.

"இன்னாக்கா இப்படி கேட்டுட்டீங்க? லோக்கலே கிடையாது. அசல் ஃபாரின்!" சோலைத் திருப்பிக் காட்டினார். அடியில் ஒரு வெளிநாட்டின் பெயர் புடைப்பாக இருந்தது. இத்தனை நாள் பார்த்த எழுத்துதான். இப்போது விரலால் தடவிப் பார்த்தேன்.

"பில்ல காட்டுங்க."

"அது வூட்ல இருக்குதுக்கா." என் முகத்தைப் பார்க்காமலே வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனார். மனுஷன் எதையோ மறைக்கிறார்!

மறுநாள் சொல்லாமல் கொள்ளாமல் வாலாஜாபாத்துக்குப் பஸ் ஏறினேன். வீட்டு வாசலில் என்னைக் கண்டதும் கதவை மறித்து நின்றார். "உள்ள ஒரே தூசிக்கா." மாட்டினாரா என்று நினைத்தபடி அவரைத் தாண்டி உள்ளே போனேன்.

ஒரே ரப்பர் நாற்றம். பழைய அழுத்து மெஷினிலிருந்து அவர் மனைவி சூடான சோல்களை எடுத்துக்கொண்டிருந்தார். அச்சிலேயே அந்த வெளிநாட்டுப் பெயரை வெட்டி வைத்திருந்தார்கள்.

"அப்போ இது லோக்கலா?"

அவர் தலைகுனிந்தார். மனைவிதான் பேசினார். "ஆமாக்கா, எல்லாம் இங்கதான் பண்ணிக்கினு இருக்கோம். ரப்பர் பில்லுகூட இருக்குது. ஆர்டர நிறுத்திடாதீங்க."

அடக் கடவுளே! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அச்சில் இருக்கும் பெயரை எடுத்துவிட்டு, இங்கே செய்தது என்று எழுதிக் கொடுக்கச் சொன்னேன். நீட்டிய பேனாவை அவர் வாங்கவில்லை. இப்போது அவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார்.

"எழுதி வாங்கிக்கினு, அப்புறம் வேணாம்னுடுவீங்க."

"நான் ஏன் அப்படிச் சொல்லப்போறேன்?"

"மொத தபா கொண்டாந்தப்போ அடியில எழுத்தே இல்லக்கா. லோக்கல் சரக்கு எனக்கெதுக்குன்னு திருப்பி அனுப்பினீங்களே."

அனுப்பியிருந்தேன். அடுத்த மாதம் அதே சோல் அந்த எழுத்தோடு வந்தபோது ஆசையாக வாங்கிக்கொண்டதும் நான்தான்.